தண்ணி எடுத்த மறுநாள்

ரகுபதி கடைசியாகச் சோறு தின்று இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கணக்கு வைத்திருந்தவன் அவன்தான். நெத்திலிக் குழம்பு, இரண்டு கவளம், அதுவும் அரைமணி நேரத்தில் வந்த வழியே திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு கஞ்சி திரும்பியது, மோர் திரும்பியது, இளநீர் திரும்பியது, கடைசியில் வெறும் தண்ணீரும் திரும்பியது. வயிறு மட்டும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போனது. நெட்டுக்குப்பத்தில் எதிரே வந்தவர்கள், "இன்னா ரகு, எத்தினி மாசம்?" என்று கிண்டலாகக் கேட்டுவிட்டு, அப்புறம் அவன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து இரண்டு விஷயம் சொன்னார்கள். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாசலில் கட்டி வந்து, வாசலை நெரித்து மூடிவிட்டது. மேலே இருந்து போடுகிற எதுவும் கீழே இறங்க வழியில்லை. இரண்டாவது, கட்டியின் விதை வயிற்றுக்குள் சிதறி, குடலைச் சுற்றித் தண்ணீர் கோத்துக்கொண்டது. உள்ளே இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு அவனுக்கு நாக்கு வறண்டு வெடித்திருந்தது. கடவுளுக்கு இப்படியொரு வேலை எதற்கு என்று மங்கைக்குப் புரியவில்லை. அதற்காக அவள் கும்பிடுவதை நிறுத்தவும் இல்லை.

மங்கை அவன் பெண்சாதி. திருவொற்றியூர் மார்க்கெட்டில் இருபத்தைந்து வருடமாக மீன் விற்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள்கூடப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்பேர்ப்பட்டவள் வார்டுக்குள் கால் வைத்ததும் பெட்டிப் பாம்பாகிவிட்டாள். மார்க்கெட்டில் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. இங்கே ஒன்றுக்கும் இல்லை. இருக்கிற ஒரே மகள் பழவேற்காட்டில் பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு கிடந்தாள். ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் மங்கை ஒருத்திதான்.

ரகுபதியின் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போயிருந்தது. வயிற்றில் ஊறுகிற பச்சைத் தண்ணீரெல்லாம் அதன் வழியாகக் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன, கடல் தெரியவில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் முகத்துவாரத்துக்குள் போட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறவன், திரும்பிப் படுக்க இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழமாகக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு அதைத் தவிர வேறு பழம் தெரியாது போலிருக்கிறது. அவன் அந்தப் பழங்களையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். மங்கை அவற்றை எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிடுவாள்.

அறுவை சிகிச்சை டாக்டர்கள் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள். இத்தனை தண்ணீர் கோத்த உடம்பைக் கிழித்தால் தையல் ஒட்டாது, ஆளும் தாங்க மாட்டான் என்றார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் பெர்சிஸ் வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கிற டாக்டர். மங்கையை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஒரு சீட்டின் பின்பக்கம் பை மாதிரி வயிற்றை வரைந்து காட்டினாள்.

"நல்லா கேட்டுக்கோங்கம்மா. இது நோயைக் குணப்படுத்தாது. அப்படிச் சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். ஆனா இருக்கிற வரைக்கும் அவர் வாயால குடிக்கலாம், கஞ்சி சாப்பிடலாம். கம்பி வலையில செஞ்ச ஒரு குழாய். மடக்கின குடை மாதிரி ஒல்லியா உள்ள போகும். அடைச்ச இடத்துல விட்டோம்னா தானா விரிஞ்சு வழியைத் திறந்து பிடிச்சுக்கும்."

"வவுத்தக் கிய்க்க வோணாமா?"

"வேண்டாம். ஆனா வயித்துல தண்ணி இவ்வளவு இருந்தா மல்லாந்து படுக்கவே மூச்சு முட்டும், கேமரா போறதும் சிரமம். அதனால புதன்கிழமை தண்ணியை இறக்குறோம், வியாழக்கிழமை குழாயை வைக்கிறோம். தண்ணி திரும்பச் சேரும், அதனால மறுநாளே செஞ்சாகணும். வியாழனை விட்டா அடுத்த வியாழன்தான், மயக்க டாக்டர் இதுக்கு அன்னைக்குத்தான் வர்றார்."

டாக்டர் பெர்சிஸ் பேனாவை மூடிவிட்டு மங்கையின் முகத்தைப் பார்த்தாள். "இன்னொண்ணு. வயிறு சுத்தமா காலியா இருக்கணும். அவருக்கு வயித்துல போறது கீழ இறங்காது, அப்படியே தேங்கி நிக்கும். மயக்கம் குடுக்கும்போது அது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா ஆபத்து. ஒரு சொட்டுத் தண்ணிகூட வாய்ல விடக் கூடாது. புரிஞ்சுதா?"

மங்கை தலையாட்டினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கொயா வெச்சப்பறம் டீ குடிக்கலாமா அவரு?"

"குடிக்கலாம்மா."

உள்ளே போய்ச் சொன்னதும் ரகுபதி, "வியாயக்கெயமையா?" என்று மட்டும் கேட்டான். அன்றிலிருந்து சோறு தின்ற நாளை எண்ணுவதை விட்டுவிட்டு, வியாழக்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்தான்.

புதன்கிழமை காலையில் விலாவுக்குக் கீழே ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். மஞ்சள் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக நிறைந்தது. நாலு லிட்டர். வயிறு வடிய வடிய அவனுக்கு மூச்சு லேசாகி, முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "போட்டுல தண்ணி எறச்சா மாரி கீது, மங்க" என்று சிரித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோஷத்தை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், வெளியே ஓடிவந்து நாத்தனார் பவானிக்குப் போன் அடித்தாள்.

"அண்ணி, தண்ணி எடுத்துட்டாங்கோ. நாலு லிட்டரு. நல்லா கீறாரு."

'நல்லா கீறாரு' என்பது பவானியின் காதில் ஏறவே இல்லை. நெட்டுக்குப்பத்தில் 'தண்ணி எடுத்துட்டாங்க' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வலைக்கார முனுசாமிக்கு எடுத்தார்கள், நாலாம் நாள் போனான். ஐஸ் கம்பெனி ராஜி புருஷனுக்கு எடுத்தார்கள், மூன்றாம் நாள். தண்ணி எடுத்துப் பிழைத்து வந்தவன் என்று ஒருத்தனையும் குப்பம் கண்டதில்லை. மூச்சு முட்டிச் சாகப்போகிற கட்டத்தில்தான் அவர்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. போனவர்களின் பெயர் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

பவானிக்கு அறுபத்தைந்து வயது. அம்மா செத்தபோது ரகுபதி கைக்குழந்தை. அவளே இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அப்பன் கடலில் போனவர். உடம்பு கிடைக்கவில்லை, கடைசிப் பால் ஊற்ற வாயும் கிடைக்கவில்லை. அதை அவள் ஆயுசுக்கும் மறக்கவில்லை. கடலில் போகிறவனுக்குத்தான் பால் கிடையாது, கரையில் போகிறவன் தாகத்தோடு போகக் கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். குப்பத்தில் எந்த வீட்டில் உயிர் இழுத்துக்கொண்டிருந்தாலும் பவானியைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையை எடுத்துக்கொண்டு போய் முதல் வாய் பாலை அவள்தான் ஊற்றுவாள்.

பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு. பவானி ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். எண்ணூர் ரோட்டில் பிரசவ வலி எடுத்தவளுக்குக்கூட வழிவிடாத கன்டெய்னர் லாரிகள் அன்றைக்குப் பார்த்து ஒதுங்கி நின்றன. ஐந்தே காலுக்கு வார்டுக்குள் வந்துவிட்டாள். மலையாளத்து நர்ஸ் ஷிஜி கோடிக் கட்டிலில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ரகுபதி தண்ணீர் எடுத்த அசதியில் கண் செருகிக் கிடந்தான். வீங்கிய வயிறு வற்றிப்போனதில் விலா எலும்பெல்லாம் தெரிந்தது. காலையில் மங்கைக்குத் தெளிவாகத் தெரிந்த அதே முகம் பவானிக்குச் சாவு முகமாகத் தெரிந்தது.

பவானி அழவில்லை. பையிலிருந்து பிளாஸ்கையும் பாலாடையையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணி, இன்னா இது? வாயில ஒண்ணும் குட்க்கக் கூடாதுனு சொல்லிக்கீறாங்கோ. நாளிக்கு கொயா வெக்கப் போறாங்கோ."

"நாளிக்கு" என்றாள் பவானி. "ராஜி புருசனுக்கும் நாளிக்கு நாளிக்குனுதான் சொல்லிக்கினு இருந்தாங்கோ. எங்கப்பன் பால் இல்லாம போச்சு, மங்க. இவன நான் இடுப்புல வெச்சி வளத்தேன். என் கையால ஒரு வாய் பால் இல்லாம போவ உட்ருவியா நீ?"

மங்கை என்ன சொல்லுவாள்? அவர் ஒன்றும் சாகவில்லை என்று சொல்லலாம். அதை அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? சாவு என்ற சொல்லை அவன் காதில் விழாமல் இத்தனை நாள் காத்தவள் அவள். அதுவும் தவிர, வியாழக்கிழமையைப் பற்றி டாக்டரம்மா சொன்ன பேச்சில் 'ஆபத்து' என்று ஒரு வார்த்தையும் இருந்தது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், கூடப்பிறந்தவளைப் பால் ஊற்ற விடாதவள் என்ற பேர் சுடுகாடு வரைக்கும் அவள் பின்னால் வரும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அதற்குள் ரகுபதி கண்ணைத் திறந்தான். பிளாஸ்கைப் பார்த்தான்.

"யக்கா. பாலா?"

"ஆமாடா நைனா."

"யோவ், வோணாய்யா" என்றாள் மங்கை. "டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு? ஒரு நாளு. ஒரே ஒரு நாளு பொறுத்துக்கோ."

"ஒரு வாய் மங்க. நாக்கு நனஞ்சா போதும். உள்ள எறங்க வோணாம்."

பவானி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை மணலை எடுத்தாள். முகத்துவாரத்து மணல். நிலம் வைத்திருந்தவன் நிலத்தின்மேல் ஆசை வைத்து உயிரை விடாமல் இழுத்தால் அந்த மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள்; கடலுக்குப் போகிறவனுக்கு நிலம் ஏது? போட்டை இறக்கி ஏற்றுகிற இடத்து மணல்தான் அவனுக்கு. பாலில் அதைப் போட்டு விரலால் கலக்கினாள்.

மங்கை தட்டிவிட்டிருக்கலாம். ஐஸ் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்குகிறவள், அறுபத்தைந்து வயதுக் கிழவியின் கையைப் பிடிக்க முடியாதா? பிடிக்கவில்லை. ஊருக்குப் பயந்து மட்டும் சும்மா நின்றாள் என்று சொன்னால் அது பொய். இத்தனை நாளாகக் காய்ந்த வாய் குடிப்பதைப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது.

பவானி பாலாடையை அவன் உதட்டில் வைத்தாள். தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது. நாக்கு நனைந்தால் போதும் என்றவன் நாலாவதுக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பிளாஸ்க் முக்கால்வாசி காலியான பிறகுதான் பவானி நிறுத்தினாள். அவன் நெற்றியில் விபூதி வைத்தாள், மங்கையின் தலையைத் தடவினாள், ஆறு மணி ஆவதற்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மூக்குக் குழாய்க்குள் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. கட்டிலுக்குக் கீழே பை வெளுத்தது. மங்கை பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடி, பையின் அடித் திருகைத் திறந்து ஊற்றிவிட்டு, கழுவிக் கொண்டுவந்து மாட்டினாள். அதற்குப் பிறகு பையில் ஒன்றும் வரவில்லை. நல்ல வேளை, உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தாள். பால் புளிப்பில் பட்டால் திரிந்துபோகும் என்று அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். வயிற்றுக்குள்ளும் புளிப்புத்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. திரிந்த பாலும் மணலும் சேர்ந்து குழாயின் ஓட்டையை அடைத்திருந்தன.

விடிந்ததும் ஷிஜி வந்து குனிந்து பையைப் பார்த்தாள். "ஒண்ணும் வரலையே. வயிறு நல்லா சுத்தமாயிருச்சு கேட்டோ" என்று சிரித்துவிட்டு நோட்டில் எழுதினாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் மங்கை அன்றைக்கு எழுந்தாள். ஸ்டூலை விட்டு எழுந்து, ஷிஜியின் பின்னால் நாலடி நடக்கவும் செய்தாள். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. முதல் நோயாளி வரவில்லை, இவரை உடனே கொண்டுவாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஷிஜி வேகவேகமாகக் கேட்டாள்: "வாய்ல ஒண்ணும் கொடுக்கலையே?"

"இல்ல சிஸ்டர்" என்றான் ரகுபதி. மங்கை வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டான்.

வண்டி வராந்தாவில் உருளும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடியில் பலமில்லை. "சொல்லாத மங்க. சொன்னா டாக்டரம்மா அடுத்த வியாயக்கெயமனு அனுப்பிடும். அதுவரைக்கும் நா இருக்க மாட்டேன். எனக்குத் தெரியாதுனு நென்ச்சிக்கினு கீறியா?"

அப்படியானால் அவனுக்கு எல்லாம் தெரியும். அவள் மூடி மூடிக் காத்ததெல்லாம் வீண். அழுவதற்குக்கூட அந்த வராந்தாவில் இடமில்லை, வண்டி போய்க்கொண்டே இருந்தது. கதவருகில் டாக்டர் பெர்சிஸ் பச்சை உடுப்பில் நின்றாள். வாயில் ஏதாவது போனதா என்று அவனைக் கேட்டாள், இல்லையென்று தலையாட்டினான். பிறகு மங்கையின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. ஒரு வாய் தண்ணியாவது?"

முந்தின நாள் மீனை முந்தின நாள் மீன் என்று சொல்லியே விற்கிறவள் மங்கை. அது அவள் தொழிலின் மானம். மணிக்கட்டில் அவன் விரல்கள் இருந்தன.

"இல்லம்மா" என்றாள்.

கதவு மூடியது. பத்து நிமிஷம் இருக்கும். உள்ளே யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு மெஷின் கத்தியது. கதவைத் திறந்து ஒருத்தி ஓடினாள், இன்னொருத்தி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். மங்கை சுவரோடு சுவராக நின்றாள். உள்ளே போய் உண்மையைச் சொல்லவும் முடியாது, வெளியே நின்று சாமியைக் கூப்பிடவும் அவளுக்கு யோக்கியதை இல்லை.

டாக்டர் பெர்சிஸ் வெளியே வந்தபோது அவள் உடுப்பில் வெள்ளை வெள்ளையாகத் தெறித்திருந்தது.

"மயக்கம் குடுத்ததும் வாந்தி வந்துடுச்சும்மா. மூச்சுக்கு நாங்க குழாய் வைக்கிறதுக்குள்ள நுரையீரலுக்குள்ள போயிடுச்சு. உறிஞ்சி எடுத்திருக்கோம், மெஷின்ல வெச்சிருக்கோம். அந்தக் கம்பிக் குழாயை வைக்க முடியலை." கொஞ்சம் நிறுத்தினாள். "தயிர் மாதிரி கட்டி கட்டியா வந்துச்சு. மணலும் இருந்துச்சு. வயித்துக்குள்ள மணல் எப்படிம்மா வந்தது?"

மங்கை தரையைப் பார்த்தாள். டாக்டர் பெர்சிஸ் காத்திருந்தாள். பிறகு என்ன புரிந்துகொண்டாளோ, ஒன்றும் கேட்காமல் மங்கையின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ரகுபதி செத்துப்போனான்.

குப்பத்துக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. தண்ணி எடுத்த மறுநாளே போயிட்டான் என்றார்கள். முனுசாமி, ராஜி புருஷன், இப்போது ரகுபதி. முன்னே இரண்டு பேராவது மூன்று நாள், நாலு நாள் தாங்கினார்கள், இவன் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மங்கை பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பவானி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அயுவாத. பால் குட்ச்சிட்டுதான் போனான். வவுறு குளுந்து போனான். அந்த ஒண்ணாவது நம்மளுக்குக் கெட்ச்சிச்சே."

"ஆமா அண்ணி" என்றாள் மங்கை.

வேறு என்ன சொல்ல முடியும்? காரியத்தன்று இன்னொரு தடவை 'ஆமா அண்ணி' என்றாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பவானி அதையே சொன்னாள், மங்கை தலையாட்டினாள். மென்று முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவனுக்கு வயிற்று வாசலில் இருந்த அடைப்பு அவளுக்குத் தொண்டையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணியைப் பார்க்காமல் இருந்துவிட்டாலாவது தப்பிக்கலாம். பவானியோ, தம்பி பெண்சாதி தனியாக இருக்கக் கூடாதென்று தினமும் மத்தியானம் வந்து அவளோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போனாள்.

அப்படி ஒரு மத்தியானம் ஜோதிகா வந்தாள். நாலு வீடு தள்ளி இருக்கிற சின்னப் பெண். கையில் பிளாஸ்டிக் கவரில் ஆஸ்பத்திரிக் காகிதம். அவள் புருஷன் நிதிஷுக்குக் கல்லீரல் கெட்டு வயிறு பானையாகிக் கிடந்தது. பவானிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பெரிம்மா, இன்னிக்கு சாய்ங்காலம் தண்ணி எடுக்கணும்னு சொல்றாங்கோ. எட்த்துட்டு கேமரா உட்டுப் பாக்கணுமாம். கையெய்த்து போடச் சொல்லிக் குட்த்துக்கீறாங்கோ. போடலாமா?"

"போடாத" என்றாள் பவானி. யோசிக்கவே இல்லை. "வூட்டுக்கு இஸ்துகினு வந்துடு. பச்சல வெச்சிப் பாக்கலாம். என் தம்பிக்கு எட்த்தாங்கோ, மறுநாளே வாரிக் குட்த்துட்டு நிக்கிறேன். நா சொம்மா சொல்றேனா? தோ கீறா மங்க, கேளு அவள."

ஜோதிகா திரும்பினாள். தூங்காத கண். கவரை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"டாக்டர் சொன்னா எட்த்துடு" என்றாள் மங்கை மெதுவாக.

"மாமாவுக்கும் டாக்டருதான அத்த சொன்னாங்கோ?"

வெளியே தெருவில் யாரோ வலையை இழுத்துக்கொண்டு போனார்கள். பவானி வெற்றிலையை மடித்துக்கொண்டே, சாட்சி சொல்லு என்பதுபோல மங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் மங்கையைக் கொன்றது. இப்போதும் தலையாட்டிவிட்டால் போதும். இந்தப் பெண் எழுந்துபோய் புருஷனை ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஒரு மாதத்தில் நாலாவது பேரும் சேர்ந்துவிடும்.

"தண்ணி எட்த்ததுல அவரு சாவல" என்றாள் மங்கை. குரல் மார்க்கெட்டில் பேசுகிற மாதிரி கட்டையாக வந்தது. "எட்த்தப்பறம் நல்லா இருந்தாரு. சிரிச்சாரு. வவுத்துல பால் இருந்திச்சு. மயக்கம் குட்த்ததும் அது மேல வந்து மூச்சுக்குள்ள பூந்துகிச்சு. அதுலதான் போனாரு. வாயில எதுனா குட்த்தியானு டாக்டரம்மா என்னக் கேட்டிச்சு. இல்லனு சொன்னேன்."

பவானியின் கை வெற்றிலையோடு நின்றது.

"எந்தப் பாலு?" என்றாள்.

மங்கை அவள் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தாள்.

"நா குட்த்த பாலா, மங்க? என் கையால குட்ச்சதுலயா?"

'இல்ல அண்ணி' என்று சொல்லத்தான் மங்கைக்கு வாய் வந்தது. சொல்லியிருப்பாள். கட்டிய நாளிலிருந்து தன்னை ஒரு சொல் கடிந்து பேசாதவள், புருஷனைப் பெறாமல் பெற்றவள். ஆனால் ஜோதிகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்ல' என்று சொன்னால் இவ்வளவு நேரம் சொன்னதும் பொய்யாகிவிடும்.

"ஆமா அண்ணி" என்றாள். "ரெண்டு பேரும்தான். நீ குட்த்த. நா மறச்சேன்."

ஜோதிகா சத்தமில்லாமல் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கவரை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் வேகமாக நடந்தாள். மங்கை அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவானி மடித்த வெற்றிலையைப் போடாமல் கீழே வைத்தாள். "அவன் கேட்டான்ல, மங்க?" என்றாள். "நானா குட்க்கல. பாலானு அவந்தான கேட்டான்?"

"கேட்டாரு அண்ணி."

"வாயத் தொறந்தான்ல?"

"தொறந்தாரு."

பொழுது சாய்கிற வரைக்கும் பவானி அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். மங்கை ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.